கணக்குக் கேட்ட பெருந்தகை: கோபாலகிருஷ்ண கோகலே

குடிகளிடத்து வரி வாங்குதல் அரசினர்க்கு உரிமையாயின், வாங்கிய வரி எவ்வாறு செலவாயிற்று என்று வினவுதல் குடிகளுக்கு உரிமையாகும். குறைகளை அஞ்சாது எடுத்துரைப்பார் இல்லாத வேந்தனுக்குப் பகைவர் வேறு வேண்டுவதில்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பண்டைக்காலத்தில் அமைச்சரும் சான்றோரும் ஆற்றிவந்த அக்கடமையை இக்காலத்தில் சட்டசபை அங்கத்தினர் ஆற்றவேண்டியவராயிருக்கின்றனர். அவர்கள் நம் பொருட்டு மந்திரிமாரை நோக்கி வினவுகின்றனர்; மந்திரிமாரும் சபையறிய விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றனர்.

இம்முறை நம் நாட்டில் வேரூன்றுதற்கு முன்னர், கேட்கும் உரிமை சிறிதளவும் தடுக்கும் உரிமை சிறிதும் இன்றியும் இருந்த ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் இராஜப்பிரதிநிதியின் சபையிலே தனியே எழுந்து நின்று, சர்க்காரின் கணக்கைக் கொண்டே சர்க்காரை வினவிய பெருந்தகை ஸ்ரீ கோபாலகிருஷ்ண கோகலே ஆவர். அவருடைய சரித்திரத்தில் இப்பகுதியையே சிறப்பாக எடுத்துக் கூற முற்படுகின்றோம். வாக்கெடுப்பில் தோல்வி நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் நின்று கேட்பதனால் யாது பயன் என்று நம்மிற் பலர் ஐயுறுவதுண்டு. அவ்வையத்திற்கு அவர் வாழ்க்கையே தக்க விடையாகும் என்பது நம் கருத்து.

இளமையும் கல்வியும்

பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த இரத்தினகிரி ஜில்லாவில் கொத்லுக் என்னும் சிற்றூரில் 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி கோகலே பிறந்தார். குடும்பம் எளியது. தந்தையார் இளமையிலேயே காலஞ்சென்றமையால், தமையனார் தம் படிப்பை நிறுத்திவிட்டுச் சிறு உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து, தம்பியைப் படிக்கவைத்தார். தமக்காக ஒருவர் தம் கல்வியையே துறந்தார் என்னும் நினைவு கோகலேயை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. பிறர் பொருளைச் செலவிடுகின்றவன் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் உணர்ச்சி அவ்வீட்டிலேயே அவர் உள்ளத்தில் ஊன்றியிருத்தல் வேண்டும்.

1884-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்றார். பெருஞ்சம்பளம் தரும் உத்தியோகத்தை நாடாது, பூனாவில் தக்ஷிணக் கல்விச் சங்கத்தாரோடு சேர்ந்து, மாதம் 75 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் 20 ஆண்டு உழைப்பதாக வாக்களித்தார். அச்சங்கத்தார் 1885-ஆம் ஆண்டில் நிறுவிய பெர்குஸன் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும், பின்னர்ச் சரித்திரமும் பொருளாதாரமும் கற்பித்தார். அவர் இயற்றிய கணிதப் பாடநூல் பல ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் வழங்கிவந்தது. கல்கத்தாவில் பெரிய அதிகாரிகளைத் திகைக்கச் செய்த கணக்குகளைப் போட்டவர், முன்னரே சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பதனை நாம் மறத்தலாகாது.

அவருக்கு அரசியல் ஆசானாக வாய்த்தவர் மகாதேவ கோவிந்த ரானடே. ரானடே நியாயாதிபதியாக இருந்தவர், பொருள்நூலில் வல்லவர். சர்க்கார் வெளியிடும் அறிக்கைகளையும் அட்டவணைகளையும் வரிக்கு வரி படித்து, ஒன்றையொன்று ஒத்துப் பார்த்து, அவற்றினின்றும் உண்மையைப் பிழிந்தெடுக்கும் முறையைக் கோகலேக்குப் பல ஆண்டுகள் பயிற்றினார். மாணவர் எழுதிக் கொணர்ந்ததை ஆசிரியர் மீண்டும் மீண்டும் திருத்துவிப்பார். சோலாப்பூரில் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்த ஜீ. வி. ஜோஷி என்பவரும் அட்டவணைகளை ஆராய்வதில் ஒப்பற்றவர். பிற்காலத்தில் கோகலே ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசப் புகும்போது, ஜோஷியிடம் குறிப்புகள் கேட்டு வாங்கியே ஆயத்தம் செய்துவந்தார். சபையில் எழுந்து நின்றவர் ஒருவர். அவர் பின்னே விளக்கேற்றி வைத்துக்கொண்டு இரவெல்லாம் எண்களைக் கூட்டியவர் வேறொருவர். பொதுக்காரியத்தில் இவ்விருவகையார் தொண்டும் வேண்டற்பாலனவே.

இலண்டனில் சாட்சியமும் ஒரு பெருந்துன்பமும்

இந்தியாவின் செலவினங்களை விசாரிக்க வெல்பி பிரபுவின் தலைமையில் ஒரு இராஜாங்கக் கமிஷன் 1895-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1897-ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்கமிஷன் முன் இலண்டனில் சாட்சி கூறச் சென்ற இந்தியருள் கோகலேயும் ஒருவர். வாச்சா, சுரேந்திரநாத பானர்ஜி ஆகியோருடன் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஜீ. சுப்பிரமணிய ஐயரும் அங்ஙனம் சென்றார். சுதேசமித்திரனைத் தோற்றுவித்தவர் என்று தமிழர் போற்றும் பெரியார் அவரே. அப்பொழுது கோகலேக்கு வயது 31 நிரம்பவில்லை. வரி கொடுப்பவர் இந்தியர்; செலவை நிச்சயிப்பவர் பிறர்; இடையிலே கேட்பார் ஒருவரும் இல்லை என்பதே அவர் கூறிய சாட்சியத்தின் சாரம். கமிஷனார் தொடுத்த குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் எண்களைக்கொண்டே விடையிறுத்து, தம் ஆசான் மனம் குளிரச் செய்தார்.

அப்பயணமே அவருக்குப் பெரியதொரு துன்பத்தையும் விளைத்தது. பூனாவில் அவ்வாண்டு பிளேக் நோய் பரவியிருந்தது. நோயாளிகளைத் தேடிப் படைவீரர் வீடுகளுக்குள் புகுந்தனர். அவர்களால் பெண்டிர்க்கு மானக்கேடு நேர்ந்ததாக நண்பர் சிலர் கோகலேக்குக் கடிதம் எழுதினர். அவற்றை நம்பி, அவர் அச்செய்தியை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக வெளிப்படுத்தினார். இங்கிலாந்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டனர். தாய்நாடு திரும்பி விசாரித்தபோது, எழுதியவர்கள் முன்வந்து சாட்சி சொல்லத் துணியவில்லை. பூனாவில் அடக்குமுறை மிகுந்திருந்த காலம் அது, திலகர் சிறைப்பட்டிருந்தார், நாது சகோதரர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். மெய்ப்பிக்க இயலாத குற்றச்சாட்டைத் தாங்கி நிற்றல் தகாது என்று தெளிந்த கோகலே, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆங்கிலேயர் பொய்யர் என்றனர். நம்மவருள் பலர் கோழை என்றனர். இரு பக்கத்துப் பழியையும் அவர் வாய் திறவாது பொறுத்தார். அடுத்து மீண்டும் பிளேக் வந்தபோது, பூனாவில் நோயாளர்க்குத் தொண்டு செய்வதில் முன்னின்றார்.

இந்நிகழ்ச்சியை மறைத்துவிட்டு அவர் பெருமையை மாத்திரம் பேசுவார் உளர். நமக்கு அது சரியாகத் தோன்றவில்லை. அதிகாரத்தில் உள்ளோரைக் கேள்வி கேட்பவன் கையில் ஆதாரம் இல்லையாயின், வாய்மையே அவன் பக்கம் இருப்பினும் அவன் தலைகுனிய நேரும். இப்பாடத்தைக் கோகலே தம் மானத்தை விலையாகக் கொடுத்துக் கற்றார். அதன்பின் சபையிலே அவர் கூறிய எண்கள் பெரும்பாலும் சர்க்கார் ஏடுகளினின்றே எடுக்கப்பட்டன. எதிர்ப்பார் மறுக்க விரும்பினால் தம் கணக்கையே தாம் மறுக்கவேண்டியதாயிற்று.

இராஜப்பிரதிநிதியின் சபை

1899-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபைக்கு அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். 1901-ஆம் ஆண்டில் நிலவரிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா குடியானவர்களின் நில உரிமையைக் குறைப்பதாயிருந்தது. எவ்வளவு வாதித்தும் சர்க்கார் தரப்பார் இணங்காமையால், ஸர் பிரோஸிஷா மேத்தா முதலானோருடன் கோகலேயும் சபையை விட்டு வெளியேறினார். மறுவருஷம் மேத்தா உடல்நலக் குறைவால் தம் ஸ்தானத்தை விட்டுவிட, கோகலே கல்கத்தாவில் இருந்த இராஜப்பிரதிநிதியின் சட்டசபையில் அங்கத்தினரானார். அன்றுமுதல் மரணபரியந்தம் அச்சபையே அவர் போர்க்களமாயிற்று.

அச்சபையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிர்வாகசபையாரைத் தவிர அதில் 10 முதல் 16 வரை அங்கத்தினரே உண்டு. சபை முழுவதையும் நோக்கின் சர்க்கார் தரப்பாரே அதிகம். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நிதி இலாகாவை வகிக்கும் அங்கத்தினர் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிப்பார். இக்காலத்து நிதிமந்திரிக்கு ஒப்பானவர் அவர். சில நாள் கழித்து மற்ற அங்கத்தினர் அதன்மீது தம் கருத்தைக் கூறலாம். ஆனால் வாக்கெடுப்பு இல்லை; ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் இயலாது. கேள்விகள் கேட்கலாம், அவற்றையும் முன்கூட்டியே எழுதி அறிவித்தல் வேண்டும். கிடைத்த விடையின்மேல் துணைக்கேள்வி கேட்டல் கூடாது. பல்லைப் பிடுங்கிவிட்டுக் கரும்பைக் கையிற் கொடுத்தது போன்ற உரிமை அது.

1902-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் தேதி, தம் 35-ஆம் வயதில், கோகலே அச்சபையில் முதன்முறையாக வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசினார். கர்ஸன் பிரபு தலைமை வகித்தார். நிதி இலாகாவை வகித்தவர் ஸர் எட்வர்டு லா. சர்க்காருக்கு அவ்வாண்டு ஏறக்குறைய 7 கோடி ரூபாய் மிச்சம் ஏற்பட்டிருந்தது. சபையில் அதனைப் பாராட்டிப் பேசினர். தம்மால் மனச்சான்றுக்கு மாறாக அப்பாராட்டிலே சேர இயலாது என்று கோகலே தொடங்கினார். 1896 முதல் 1900 வரை இருமுறை கொடிய பஞ்சம் நாட்டை வாட்டியிருந்தது. மக்கள் உணவின்றி மடிந்த காலத்தை அடுத்துச் சர்க்கார் பெட்டியில் பணம் மிகுதல் எவ்வாறு என்பதே அவர் எழுப்பிய வினா.

அதற்கு அவரே விடையும் கூறினார். அவ்விடை சற்று நுட்பமானது. ஆயினும் நம் வீட்டுக் கணக்குப் போல் எளிதில் விளங்கக் கூடியது. இந்திய சர்க்கார் ஆண்டுதோறும் இங்கிலாந்தில் ஒரு பெருந்தொகையைப் பவுனாகச் செலுத்தவேண்டியிருந்தது. வெள்ளியின் விலை வீழ வீழ ரூபாயின் மதிப்பும் குறைந்து, ஒரு சமயம் 13 பென்சு அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பவுனுக்கு 240 பென்சு. ஆகவே ஒரு பவுன் செலுத்த ஏறக்குறைய 18½ ரூபாய் வேண்டியதாயிற்று. இந்நஷ்டத்தையும் படைச்செலவின் பெருக்கத்தையும் ஈடுசெய்யவென்று வரிகள் உயர்த்தப்பட்டன. 1886-ல் வருமானவரி வந்தது. 1888-ல் உப்புவரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாயிற்று. பின்னர் 1893-ல் நாணயசாலைகளைப் பொதுமக்கள் வெள்ளிக்கு மூடி, ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி, 16 பென்சில் நிறுத்தினர். அப்பொழுது ஒரு பவுனுக்கு 15 ரூபாயே போதுமானதாயிற்று. நஷ்டம் நீங்கிற்று; நஷ்டத்தின் பொருட்டு ஏற்றிய வரிகளோ நீங்கவில்லை. ஆகவே அந்த மிச்சம் நாட்டின் செழிப்பைக் காட்டுவதன்று, குடிகளிடத்துத் தேவைக்கு மேல் வாங்கப்பட்டதையே காட்டுவது என்று கோகலே நிறுவினார்.

சோற்றில் இடும் உப்பை எடுத்துக்கொண்டு அவர் வாதித்த முறை நோக்கத்தக்கது. மணங்குக்கு 2½ ரூபாய் என்றால் சேருக்கு ஓரணா வரி. செல்வனும் ஏழையும் உப்பு உண்ணும் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் இவ்வரியின் சுமை ஏழையையே மிகுதியாக அழுத்துகின்றது. வரியைக் குறைத்தால் உப்பு மிகுதியாகச் செலவாகி, சர்க்காருக்கும் பெருநஷ்டம் நேராது என்று முந்திய ஆண்டுகளின் கணக்கைக்கொண்டு காட்டினார். வருமானவரியில் 500 ரூபாய் ஆண்டுவருமானம் உடையோரும் அகப்பட்டு வருந்துவதை எடுத்துரைத்தார். இந்தியத் துணிமீது 1896 முதல் விதிக்கப்பட்டுவந்த 3½ சதவீத வரி அநீதியானது என்றார். படைக்குச் செலவாகும் பணத்தையும் பள்ளிக்குச் செலவாகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உயர்ந்த உத்தியோகங்களில் இந்தியர் எத்துணைச் சிலர் என்பதைப் பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக் காட்டினார்.

பயன் விளைந்ததா?

வாக்கெடுப்பில்லாத பேச்சு அது. ஆயினும் மறுஆண்டு, 1903-ல், உப்புவரி 2 ரூபாயாகக் குறைந்தது. வருமானவரிக்கு விலக்கான தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 1905-ல் உப்புவரி 1½ ரூபாயாயிற்று. 1907-ல் ஒரு ரூபாயாயிற்று. ஐந்தாண்டில் சேருக்கு ஓரணாவாயிருந்த வரி அரையணாவுக்கும் கீழே இறங்கியது. இதற்கு கோகலே ஒருவரே காரணர் என்று நாம் சொல்லத் துணியோம். காங்கிரசு மகாசபையும் பத்திரிகைகளும் நெடுநாள் முறையிட்டு வந்தன. மிச்சம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தமையால் சர்க்காருக்கும் குறைப்பது எளிதாயிற்று. எனினும் மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சபை நடுவே வெளிப்படுத்தி, வரியைக் குறையாதிருப்பதற்குச் சாக்குச் சொல்லவொண்ணாதபடி செய்தவர் அவரே என்பதில் ஐயமில்லை.

எல்லாக் கேள்விக்கும் இவ்வாறு பயன் விளைந்ததென்று எண்ணிவிடலாகாது. துணிவரி அவர் வாழ்நாளில் நீங்கவில்லை. 1925-ஆம் ஆண்டு இறுதியிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. படைச்செலவு அவர் விரும்பியவாறு சுருங்கவில்லை. அரசாங்க இரகசியங்களைப் பற்றிய மசோதா 1903-ல் வந்தபோது, அதிகாரிகளின் காரியங்களைப் பத்திரிகைகள் ஆராயவொட்டாது அது தடுக்கும் என்று கூறி எதிர்த்தார்; மறுஆண்டு அது சட்டமாயிற்று. பல்கலைக்கழக மசோதாவையும் அவ்வாறே எதிர்த்தார். அதுவும் 1904-ல் நிறைவேறியது.

இங்ஙனம் தோல்வி மேல் தோல்வி நேர்தலைக் கண்டு, சபையில் பேசுதல் வீண் என்று திலகரைச் சார்ந்த தேசபக்தர் பலர் கருதினர். அவர்கள் கருத்தும் புறக்கணிக்கத் தக்கதன்று. சர்க்கார் தரப்பாரே மிகுந்த சபையில் நியாயத்தைக் கூறுதல், நீதிபதியும் எதிரியும் ஒருவரேயான வழக்கில் வாதாடுவதை ஒக்கும். கோகலே இதனை அறியாதவரல்லர். ஆயினும் கேள்வி ஒருமுறை சபை ஏட்டிலே ஏறிவிட்டால், அதற்குச் சொல்லப்பட்ட விடையும் ஏறிவிடும். விடை நியாயமானதா அன்றா என்பதனை நாடே தீர்மானிக்கும் என்று அவர் நம்பினார். அவருடைய பேச்சுகளைச் சென்னையில் ஜீ. ஏ. நடேசன் தொகுத்து அச்சிட்டு வெளியிட்டார். கல்கத்தாவில் சிலரே கேட்ட வாதங்களை நம் நாட்டு ஊர்களில் வக்கீல்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வாறு படிக்கலாயினர்.

கூலிகளும் குழந்தைகளும்

1905-ஆம் ஆண்டில் அவர் இந்திய ஊழியர் சங்கத்தைப் பூனாவில் நிறுவினார். அவ்வாண்டிலேயே காசியில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1909-ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தால் கேட்கும் உரிமை சிறிது விரிந்தது. கூடுதல் அங்கத்தினர் தொகை 60 வரை உயர்ந்தது. கேள்வி கேட்டவரே துணைக்கேள்வியும் கேட்கலாமாயிற்று. பொதுவிஷயங்களின்மேல் தீர்மானங்களைக் கொணர்ந்து வாக்கெடுக்கலாமாயிற்று. சர்க்கார் தரப்பின் பெரும்பான்மை மாத்திரம் மாறவில்லை. இப்புதிய கருவிகளைக் கோகலே இரு பெருங்காரியங்களுக்குப் பயன்படுத்தினார்.

முதலாவது ஒப்பந்தக் கூலிமுறை. இது நம் தமிழ்மக்களை நேரே தொட்ட விஷயம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகச் சென்ற இந்தியர் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர். எழுதப்படிக்கத் தெரியாதவர் கைநாட்டிட்டு ஐந்தாண்டுக்குத் தம்மைக் கட்டிக்கொண்டனர். வேலையை விட்டு நீங்கினால் சிறை. ஒப்பந்தம் முடிந்து அந்நாட்டிலேயே இருக்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்கவேண்டும் என்று 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ல் கோகலே பிரேரேபித்த தீர்மானத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1911-ஆம் ஆண்டு ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றது.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ல், எந்நாட்டுக்கும் இம்முறையில் ஆள் அனுப்பலாகாது என்று மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார். தோட்டங்களில் கூலிகள் தற்கொலை செய்துகொண்ட கணக்கையும், அவர்கள்மீது தொடரப்பட்ட வழக்குகளின் கணக்கையும் சர்க்கார் அறிக்கைகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். தீர்மானத்திற்கு ஆதரவாக 22 வாக்கும் எதிராக 33 வாக்கும் கிடைத்தன. சர்க்கார் தரப்பாரே அதனைத் தோற்கடித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று காந்தியடிகளோடு ஊர் ஊராகச் சுற்றி, அந்நாட்டு மந்திரிமாரையும் கண்டு பேசினார். தலைவரி நீங்கும் என்று நம்பித் திரும்பினார். அந்நாட்டார் அத்தகைய வாக்குறுதி இல்லை என்றனர். 1913-ல் தமிழ்த் தொழிலாளர் பலரும் கலந்துகொண்ட பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1914-ல் தலைவரி ஒழிந்தது. கோகலே மறைந்தபின், 1916-ஆம் ஆண்டு மார்ச்சில், பண்டித மதனமோகன மாளவியா அதே சபையில் அதே கருத்தைத் தீர்மானமாகக் கொணர்ந்தபோது சர்க்கார் ஏற்றது. 1917-ல் ஆள் அனுப்புதல் நின்றது.

இரண்டாவது ஆரம்பக்கல்வி. கட்டாயமான இலவசக் கல்வியைப் பற்றி 1910-ல் அவர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். சர்க்கார் ஆராய்வதாகக் கூறியமையால் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ல் மசோதாவாகவே சமர்ப்பித்தார். அது மிக அடக்கமான மசோதா. நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் விரும்பினால், சர்க்கார் அனுமதி பெற்று, தம் எல்லைக்குள் 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவரைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் செய்யலாம். செலவில் பெரும்பங்கை சர்க்கார் ஏற்கும் என்பது அவர் திட்டம். பரோடா சமஸ்தானத்தில் 1906 முதலே கட்டாயக் கல்வி நடந்துவருவதை அவர் சான்று காட்டினார். ஒரு இந்திய மன்னர் தம் சிறு வருவாயில் செய்யக்கூடியதைப் பேரரசு ஏன் செய்ய இயலாது என்பதே அவர் வினா. பணம் இல்லை என்றனர். காலம் வரவில்லை என்றனர். நிலம் உடையோர் சிலர், ஏழைச் சிறுவர் படித்தால் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகும் என்றும் அஞ்சினர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ல் 38 வாக்குக்கு 13 வாக்காக மசோதா தள்ளப்பட்டது.

எதிர்த்தவருள் இந்தியரும் இருந்தனர் என்பதனை நாம் வருத்தத்தோடு குறிக்கின்றோம். தோல்வி வருமென்று கோகலே முன்னரே அறிந்திருந்தார். வாக்கெடுப்புக்கு முன்பே அதனைச் சபையில் கூறியும் விட்டார். அவர் அதனால் மனம் சோரவில்லை. இத்தலைமுறையார் தோல்விகளாலேயே தொண்டு செய்யவேண்டியவர்; வெற்றி பின்வருவோர்க்கு உரியது என்று அமைந்தார். 1920-ல் நம் சென்னை மாகாணத்தில் ஆரம்பக்கல்விச் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் யாவர்க்கும், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அவர் தீர்மானத்திற்கும் அதற்கும் இடையே சரியாக 100 ஆண்டு.

இறுதியும் படிப்பினையும்

நீரிழிவு நோய் அவர் உடலை நெடுநாளாக அரித்துவந்தது. அரசாங்க உத்தியோகங்களைப் பற்றி ஆராய 1912-ல் அமைந்த கமிஷனில் அங்கத்தினராயிருந்து, மருத்துவர் தடுத்தும் உழைத்தார். 1914-ல் சர்க்கார் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தை வேண்டாவென்று மறுத்தார். 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ல், தம் 48-ஆம் வயதில், பூனாவில் உயிர் நீத்தார். கொள்கையில் வேறுபட்ட திலகரும் அவர் ஈமக்கடனில் கலந்துகொண்டு அவரைப் புகழ்ந்து பேசினார். காந்தியடிகள் அவரைத் தம் அரசியல் குரு என்று போற்றினார். இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை நம் வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணியில் ஆசிரியராயிருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார்க்கு வந்தது. ஓர் ஆசிரியரின் இடத்தில் மற்றோர் ஆசிரியர் அமர்ந்தது பொருத்தமே.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் எந்த அங்கத்தினரும் துணைக்கேள்வி கேட்கும் உரிமை வந்தது. 1921-ல் பொதுக்கணக்குக் குழு தோன்றியது. ஆயினும் 1923-ல் சட்டசபை மறுத்தும் இராஜப்பிரதிநிதி தம் தனியதிகாரத்தால் உப்புவரியை மீண்டும் 2½ ரூபாயாக்கினார். மறுஆண்டே அது பாதியாகக் குறைக்கப்பட்டது. கேட்கும் உரிமையோடு தடுக்கும் உரிமையும் சேர்ந்தாலன்றிக் குடிகளுக்குக் காவலில்லை என்பதற்கு இதுவே சான்று. இன்று நம் மக்கள்சபையில் கேள்விநேரம் என்று ஒன்று உண்டு. மந்திரிமார் வாய்மொழியாகவும் எழுத்து மூலமாகவும் விடையிறுக்கின்றனர். மானியக் கோரிக்கைகள் சபையின் வாக்கைப் பெற்றே நிறைவேறுகின்றன. கோகலேக்கு இல்லாத கருவிகள் யாவும் இன்றைய அங்கத்தினர் கையில் உள்ளன.

கருவி மிகுந்த காலத்தில் உழைப்புக் குறைந்துவிடலாகாது. உரக்கக் கூவுதல் கேள்வியாகாது. கணக்கைப் படித்து, ஒத்துப் பார்த்து, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பணிந்த சொல்லால் துணிந்து கேட்பதே கேள்வி. அத்தகையோரைத் தெரிந்தெடுத்து அனுப்புதல் வாக்காளராகிய நம் கடமை. வாக்குக் கேட்டு நம் வீட்டு வாயிலுக்கு வருவோரை, சபையில் நீர் என்ன கேட்டீர், என்ன விடை பெற்றீர் என்று நாம் வினவுதல் வேண்டும். ஊராட்சியிலும், நம் போன்ற சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்திலும் வரவுசெலவுக் கணக்குப் படிக்கப்படுங்கால், அதனைச் செவ்வனே கேட்டு, ஐயமுள்ள இடத்தில் எழுந்து நின்று வினவும் பழக்கம் நம் இளைஞர்க்கும் பெண்மணிகளுக்கும் உண்டாதல் வேண்டும். வினவுவோரைப் பகைவராக எண்ணாது, கணக்குக் காட்டுவோர் மகிழ்ந்து விடையிறுத்தலும் வேண்டும். பெரிய சபைகளில் கேட்கும் நாவு சிறிய சபைகளிலேயே பயிலும்.

தோற்போம் என்று அறிந்தும் கேட்டவர் கோகலே. அவர் கேட்டவற்றுட் சில உடனே பலித்தன. சில நூறாண்டு கழித்துப் பலித்தன. கேளாதிருந்தால் ஒன்றும் பலித்திராது. இப்பெருந்தகையின் வரலாற்றை அன்பர்கள் தம் இல்லங்களில் மக்களுக்கு எடுத்துரைத்து, அவர்களையும் கணக்கறிந்து கேட்கும் நெறியிற் பயிற்றுவார்களாக.